குபாத் வீட்டு மரங்களும் உயாவின் வைஃபையும்

குபாத் பிறந்த சேதி வந்ததும் அவன் அப்பா முகாஷ் முதலில் கொல்லைக்குத்தான் போனார். வடக்கு மதிலோரம் பனி உருகிச் சொதசொதவென்று கிடந்த மண்ணில் வரிசையாக, நெடுநெடுவென்று வளரும் தெரெக் மரக் கன்றுகளை நட்டார். கையைக் கழுவிக்கொண்டு, அப்புறம்தான் பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அவர்கள் ஊரான காரகோலில் அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. ஆண்பிள்ளை பிறந்தால் தெரெக் நடுவார்கள். பிள்ளையும் மரமும் சேர்ந்து வளரும். பிள்ளைக்குப் பெண் அமைந்ததும் மரத்தை வெட்டி, அதையே உத்தரமாகப் போட்டு அவனுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள்.

குபாத்தோடு தெருவில் ஓடியாடியவர்களின் மரங்களெல்லாம் எப்போதோ கூரைக்குள் போய்விட்டன. அவனுடையவை மட்டும் நின்றன. நின்றதோடு விடாமல் வளர்ந்துகொண்டே போயின. உச்சியில் காக்கை உட்கார்ந்தால் அது காக்கையா, வெறும் புள்ளியா என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. காற்றடித்தால் இலைகள் அத்தனையும் வெள்ளை அடிப்புறத்தைக் காட்டித் திரும்பும். மரமே ஒரு கணம் நரைத்துப் பிறகு பச்சையாகும். வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும்போது, "கல்யாணம் ஆகாதவன் மரம் தெரியுது பாருங்க, அதுக்கு இடப்பக்கம்" என்று சொல்வது அந்தத் தெருவில் பழக்கமாகிவிட்டது.

கல்யாணமே வேண்டாம் என்று குபாத் ஒருநாளும் சொன்னதில்லை. அவன் கவனம் எப்போதும் வேறெங்காவது இருக்கும், அவ்வளவுதான். ஒரு தடவை அக்சூ பக்கம் பெண் பார்க்கப் போனார்கள். அந்த வீட்டு டிவியில் புள்ளி புள்ளியாக வந்துகொண்டிருந்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு டிஷ்ஷைத் திருப்பி வைக்கக் கூரைமேல் ஏறினான். டிஷ் சரியாகிவிட்டது. ஆனால் அங்கிருந்து இசிக்குல் ஏரி தெரிந்தது. தூரத்தில் நீலமாக ஒரு கோடு. அதற்கு மேல் இன்னொரு நீலம். எது தண்ணீர், எது ஆகாசம் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். அவன் இறங்கி வந்தபோது தேநீர்க் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். "டிவி நல்லா தெரியுது தம்பி, ரொம்ப சந்தோஷம்" என்று பெண்ணின் அம்மா வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அதோடு சரி.

தலைநகர் பிஷ்கேக்கில் தொலைத்தொடர்பு படித்துவிட்டு, கொஞ்ச காலம் கஸாக் புல்வெளியில் டவர் ஏறிக்கொண்டிருந்துவிட்டு, அவன் ஊருக்கே திரும்பி வந்து ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் சேர்ந்தான். கம்பிவழி இணைப்பு போகாத தெருக்களுக்கு, தெற்கு மலைச்சரிவில் நிற்கும் டவரிலிருந்து காற்று வழியாகவே இணைப்புக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். வாங்குகிற வீட்டுக் கூரையில் ஒரு தட்டு. அது டவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நடுவில் எதுவும் குறுக்கே நிற்கக்கூடாது.

குபாத் வீட்டுக்குப் பின்புறம், மதிலுக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம் இருந்தது. முன்பு செருப்புப் பட்டறை. பூட்டிக் கிடந்த அதைப் பெரிசாத் என்ற பெண் குத்தகைக்கு எடுத்து, சுண்ணாம்பு அடித்து, நீளமான மேஜைகள் போட்டு, ஜன்னல் சட்டங்களுக்கு மஞ்சள் பூசி, வாசலில் 'உயா' என்று எழுதி வைத்தாள். உயா என்றால் கூடு. வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள், வேலை வெளிநாட்டிலும் உடம்பு காரகோலிலும் இருப்பவர்கள், ஒரு மேஜையை நாளுக்கோ மாதத்துக்கோ வாடகைக்கு எடுத்து அங்கே உட்கார்ந்துகொள்ளலாம். பெரிசாத் பல வருஷம் மாஸ்கோவில் ஃபோன் எடுத்துப் பதில் சொல்லும் ஆபீஸில் இருந்தவள். அங்கே கல்யாணமாகி, அங்கேயே அது முறிந்து, ஒரு பெட்டியோடு ஊர் திரும்பியிருந்தாள். வேகமாகப் பேசுவாள். எதிராளி யோசிக்க ஆரம்பிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்.

ஜனவரியில் வைஃபை சரிசெய்யக் குபாத் அங்கே போனபோது வாசலருகே ஒரே ஒரு ரவுட்டர் இருந்தது. கீழே ரிசப்ஷனில் மட்டும் வைஃபை நன்றாக வந்தது. மாடியில் ஆட்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்துகொண்டிருந்தார்கள்.

"எப்ப ஆரம்பிக்கிறீங்க, பைக்கே?" என்றாள் பெரிசாத். அவனுக்கு அவளைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். அதனால் மரியாதைக்கு அண்ணன் முறை.

"ஆரம்பிச்சுட்டேன்," என்றான் குபாத்.

அவன் செய்ததெல்லாம் ஃபோனைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்ததுதான். மேஜைகளுக்கு நடுவே, படிக்கட்டில், அடுக்களைக்குள், தோல் அடுக்கி வைத்த பழைய அறைக்குள், தண்ணீருக்கடியில் நடப்பவனைப்போல மெல்ல மெல்லப் போனான். திரையில் அந்தக் கட்டடத்தின் வரைபடம். அவன் கால் பட்ட இடமெல்லாம் அதில் நிறம் பரவியது. வாசலருகே பச்சை, படிக்கட்டில் மஞ்சள், தோல் அறையில் சிவப்பு. சிக்னல் என்பது அவனுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம். செங்கல் சுவருக்குள் நுழைந்து சோர்ந்து வெளியே வரும். இரும்புத் தகட்டில் பட்டுத் திரும்பும். கூட்டம் நிறைந்த அறையில் ஆட்களின் உடம்புக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். வெளியே பனி பெய்தது. உள்ளே விசைப்பலகைகளின் சத்தம் சிறு தூறல் மாதிரி கேட்டது.

"இவன் தூக்கத்துல நடக்குறானா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அது ரோஸா எஜெ. சுற்றுலாக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஐம்பதைத் தாண்டியவள் என்பதால் எல்லாருக்கும் அக்காள் முறை. அங்கே எஜெ என்றால் அவள்தான்.

"நடந்தா என்ன எஜெ, மேஜையில முட்டிக்காம நடக்குறாரே," என்றான் பக்கத்து மேஜை எர்மெக். அவன் கார்ட்டூன் படம் போடுகிறவன்.

மறுநாள் குபாத் ஏணியோடு வந்தான். தோல் அறைச் சுவருக்குள் பழைய இரும்புத் தகடு இருப்பதைத் தட்டிப் பார்த்துச் சொன்னான். கீழே ஒன்று, மாடியில் ஒன்று, அந்த அறைக்குள் தனியாக ஒன்று என்று கூரையில் சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகளை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுத்தான்.

"எதுக்கு இத்தனை? பெருசா ஒண்ணு வாங்கி வச்சா ஆகாதா?" என்றாள் பெரிசாத் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு.

"ஒருத்தன் நின்ன இடத்துல நின்னு கத்துனா பக்கத்துல இருக்கவனுக்குக் காது வலிக்கும், தூரத்துல இருக்கவனுக்குக் கேக்காது. அங்கங்க ஒருத்தர் மெதுவா பேசுனா போதும். ஆனா ஒருத்தர் பேச்சுல இன்னொருத்தர் பேச்சு மோதக்கூடாது. அதுக்கு ஆளுக்கு ஒரு அலைவரிசை பிரிச்சுக் குடுத்துட்டேன்."

வந்துபோகிறவர்களுக்குத் தனி இணைப்பு, மாத வாடகைக்காரர்களுக்குத் தனி என்று பிரித்தான். ஒருவர் படம் பார்த்து எல்லாருடையதையும் உறிஞ்சிவிடாமல் ஆளுக்கு ஓர் எல்லை வைத்தான். வீடியோவில் பேசுகிறவர்களின் மேஜைக்கு நேராகக் கம்பியே கொண்டு வந்து விட்டான். கடைசியாகக் கூரையில் ஏறித் தட்டை மலைப் பக்கம் திருப்பினான். பனிப் புகைக்குள் டவர் தெரியவில்லை. ஆனால் தட்டுக்குத் தெரிந்தது. கீழே மாடியில் யாரோ கை தட்டினார்கள்.

பிப்ரவரி, மார்ச் முழுக்க ஒரு குறையும் இல்லை. பெரிசாத் அவனைக் கூப்பிடவே இல்லை. அவனும் மறந்துபோனான், அல்லது அப்படி நினைத்துக்கொண்டான்.

ஏப்ரல் கடைசியில் முதல் அழைப்பு வந்தது. "பைக்கே, காலையில இருந்து விட்டு விட்டு வருது." அவன் போய்ப் பெட்டிகளை அணைத்துப் போட்டான். சரியானது. இரண்டு நாளில் மறுபடி. கேபிள் முனைகளை மாற்றினான். சரியானது. மறுபடி. மே மாதம் பிறந்ததும் வாரத்துக்கு நாலு தடவை அவன் உயாவின் படியேறினான். ஏணி அங்கேயே நிரந்தரமாக நின்றது. மழை பெய்த காலையில் ஒன்றுமே வராது. வெயில் ஏறி மதியமானால் தானாக வரும். காற்றடித்தால் விட்டு விட்டு வரும்.

"பேயோட்டுறவன் வந்துட்டான்," என்பாள் ரோஸா எஜெ. "இப்ப ஒரு சுத்துச் சுத்துவான், பேய் போயிடும். அவன் தெரு திரும்புனதும் அது திரும்பி வந்துடும்."

ஒருநாள் மழை விட்டதும் குபாத் கூரைக்குப் போனான். தட்டின் பின்னால் மண்டியிட்டு, தன் கன்னத்தை அதன் விளிம்பில் வைத்து, அது பார்க்கும் திசையில் பார்த்தான். மலை இல்லை. டவர் இல்லை. பச்சைதான் இருந்தது. நனைந்து, கனத்து, சொட்டுச் சொட்டாய் ஒளிவிட்டுக்கொண்டிருந்த பச்சை. ஜனவரியில் வெறும் குச்சிகளாக நின்ற அவனுடைய தெரெக் மரங்கள். இலை ஒவ்வொன்றும் தண்ணீர் வைத்த பை. சிக்னல் என்ற அந்த வெளிச்சம் அத்தனை தண்ணீருக்குள் நுழைந்து இந்தப் பக்கம் வருவதென்றால் நடக்கிற காரியமா? மரங்களுக்குக் கீழே அவன் அம்மா மெத்தைகளை மதில்மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் வெகுநேரம் அங்கேயே இருந்தான். பிறகு இறங்கி வந்தான்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றாள் பெரிசாத். அவளே நறுக்கி எடுத்து வந்த ரொட்டியும் கைமாக் பாலாடையும் மேஜையில் இருந்தன.

"பார்க்கணும்," என்றான் குபாத்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். தட்டை அந்தப் பக்கம் நகர்த்தினான், இந்தப் பக்கம் நகர்த்தினான், கம்பத்தை உயர்த்தினான். அந்த மரங்களைத் தாண்டும் கம்பம் ஊரிலேயே கிடையாது என்று அவனுக்குத் தெரியும். தெருவோரத்து மரங்களிலிருந்து பஞ்சு பறக்கும் ஜூன் மாதம் வந்தது. திறந்த ஜன்னல்கள் வழியாகப் பஞ்சு உள்ளே வந்து விசைப்பலகைகள்மேல், தேநீர்க் கிண்ணங்களில், பெரிசாத்தின் கூந்தலில் எல்லாம் உட்கார்ந்தது. அவன் ஏணிமேல் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். "பைக்கே, பெட்டி அந்தப் பக்கம் இருக்கு," என்பாள் அவள் நிமிராமலே.

ஒருநாள் எர்மெக்குக்கு ஒரு வெளிநாட்டுப் படக் கம்பெனியிலிருந்து நேர்காணல். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். காற்று வீசிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்பார்கள், பாதியில் அறுந்துபோகும். மறுபடி கூப்பிடுவார்கள், மறுபடி அறுந்துபோகும். கடைசியில் அவர்கள் கூப்பிடவில்லை. எர்மெக் லேப்டாப்பை மூடிவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். பெரிசாத்தும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஏணிமேலிருந்த குபாத்துக்கு அவர்களுடைய முதுகுகள் மட்டும் தெரிந்தன.

அவன் இறங்கி அவர்கள் பின்னால் போய் நின்றான்.

"பெரிசாத், பெட்டியில கோளாறு இல்ல. மரம்தான்."

"எந்த மரம்?"

"என் மரம்."

அவள் எழுந்து நின்றாள். "எப்பத் தெரியும்?"

"மே மாசமே."

"மே மாசமேவா! அப்ப இத்தனை நாள் ஏணியில ஏறி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"சொல்லிட்டா..." அவன் சட்டைமேல் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தான். "சொல்லிட்டா அப்புறம் எனக்கு இங்க வர்றதுக்கு வேலை இருக்காது."

பெரிசாத்தின் முகம் சிவந்தது. கோபத்திலா, வேறு எதிலா என்று அவனுக்குப் புரியவில்லை. "அதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? இதோ உக்காந்திருக்கான் பாருங்க, அவன்கிட்டச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

குபாத் எர்மெக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னான். எர்மெக் கடைசிவரை கேட்டான்.

"போன வேலை போனதுதான் பைக்கே," என்றான் முடிவில். "ஆனா இன்னொரு தடவை அறுந்துச்சுன்னா கோடாலியோட நானே வருவேன். உங்க அப்பா தடுத்தாலும் நிக்க மாட்டேன்."

மறுநாளே குபாத் செல்ஃபோன் டவரிலிருந்து சிக்னல் வாங்கும் ஒரு பெட்டியைத் தன் சம்பளத்தில் கொண்டுவந்து வைத்தான். மலைப்பக்க இணைப்பு அறுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் இது தோள் கொடுக்கும். வேகம் குறைவு, ஆனால் பேச்சு அறுந்துபோகாது. அன்றைக்கே பெரிசாத் சுவரில் ஒரு தாள் ஒட்டினாள்: 'இலை உதிரும்வரை சினிமா கிடையாது.' அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் நேராக அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

முகாஷ் கொல்லையில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். ஆளும் லாரி மாதிரிதான் இருப்பார்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"பின்னாடிக் கட்டடம், அய்யா. உங்க மரத்துல ரெண்டே ரெண்டு வெட்டுனா எங்க பொழப்பு நடக்கும்."

"மரம் அவனோடது. வெட்டுற நாளு என்னோடது," என்றார் முகாஷ். "மருமக இந்த வாசல்ல காலை வைக்கிற அன்னிக்குக் கோடாலியை எடுப்பேன். அதுக்கு முன்னாடி ஒரு குச்சிகூட ஒடிக்க விடமாட்டேன்."

"சரி, மரம் இருக்கட்டும். உங்க கூரைமேல ஒரு தட்டு வச்சுக்கறோம். அங்கயிருந்து ஒரு கம்பி எங்க பக்கம் இழுத்துட்டாப் போதும்."

"என் கூரையிலயா?" முகாஷ் தவிட்டுக் கையோடு எழுந்தார். "அந்தக் கதிரு தலைக்குள்ள பூந்துதான் என் புள்ளை இப்படி ஆனான். மிச்சம் இருக்கிறது நானும் அவன் அம்மாவும் கோழியும்தான்."

ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த குபாத்துக்குப் பெரிசாத் சிரித்தது கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்து வந்த சிரிப்பு. அம்மா அவளை உள்ளே இழுத்துப் போய்த் தேநீர் ஊற்றினாள். ஏப்ரிகாட் ஜாமும் வைத்தாள்.

சேதி உயாவுக்குள் பரவியது. வைஃபை வர வேண்டுமென்றால் குபாத்துக்குக் கல்யாணம் ஆக வேண்டும். அந்தக் கோடையில் அங்கே அதற்குமேல் முக்கியமான வேலை யாருக்கும் இருக்கவில்லை. ரோஸா எஜெ தன் ஃபோனில் பெண்களின் படங்களைச் சேர்த்தாள்.

"இவ டீச்சர். இவ மருந்துக்கடை. இவளுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி, ஆனா மன்டிக் கொழுக்கட்டை நல்லா பண்ணுவா. சொல்லுடா, நம்ம எல்லாருக்கும் நெட்டு வேணும்."

"எஜெ, நான் கேபிள் பார்க்க வந்தேன்."

"கேபிளைத்தான் நானும் பார்க்கிறேன். ரெண்டு பக்கமும் மாட்டுனாத்தானே ஓடும்."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிசாத் மட்டும் ரிசப்ஷனில் தலைகுனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் ரோஸா எஜெ விடவில்லை. மருந்துக்கடைப் பெண்ணையும் அவள் சித்தியையும் முகாஷ் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். போர்சோக் பொரித்து, இறைச்சி வேகவைத்து, அம்மா புதுத் துணி விரித்திருந்தாள். பெண் நல்ல பெண். குபாத் இந்தத் தடவை கூரைக்கு ஏறவில்லை. எல்லாருக்கும் நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தான். சம்மதமா என்று கேட்டபோது நிமிர்ந்து, "மன்னிச்சுக்கோங்க. இவங்க மேல ஒரு குறையும் இல்ல. எனக்கு மனசு வேற இடத்துல இருக்கு," என்று சொன்னான். அவன் தெளிவாகப் பேசி அந்த வீடு கேட்டது அதுதான் முதல் தடவை.

முகாஷ் அன்றிரவு சாப்பிடவில்லை. மனசு வேறு இடத்தில் என்றால் இவனுக்கு மலையும் டவரும் என்றுதான் அவர் அர்த்தம் செய்துகொண்டார்.

செப்டம்பரில் குபாத் ஏரியின் தென்கரைக் கிராமங்களில் வேலையாகப் போய்விட்டுத் திரும்பினான். தெருவுக்குள் நுழைந்தவனுக்குத் தான் தெரு மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. வீட்டுக்குப் பின்னால் ஆகாசம் இருந்தது. அவ்வளவு ஆகாசத்தை அங்கே அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கொல்லையில் வட்ட வட்டமாக வெள்ளை அடிக்கட்டைகள், மரத்தூள், பச்சை வாசனை. கோழிகள் தூளைக் கிளறிக்கொண்டிருந்தன.

"ஒரு மேஸ்திரிக்குக் குடுத்துட்டேன்," என்றார் முகாஷ் அவன் பக்கம் திரும்பாமல். "எத்தனை நாளைக்கு நிக்கும்? உள்ளே இத்துப்போறதுக்குள்ள யாரோ ஒருத்தன் வீட்டுக்காவது ஆகட்டும்."

"சாப்பிடு வா," என்றாள் அம்மா.

அவன் ஒரு அடிக்கட்டைமேல் போய் உட்கார்ந்தான். அது இன்னும் ஈரமாக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் உயாவின் மஞ்சள் ஜன்னல்கள் முழுசாகத் தெரிந்தன. ஒன்றில் பெரிசாத் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஃபோன் அதிர்ந்தது. அவளிடமிருந்துதான். 'குபாத், என்ன பண்ணீங்க? பறக்குது!'

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பறக்குது என்பதை அல்ல. குபாத் என்று மட்டும் இருந்தது, பைக்கே இல்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று ஒரு நேரம் தோன்றியது. அவள் எதையும் விட்டுவிடுகிற ஆள் இல்லையே என்று இன்னொரு நேரம் தோன்றியது. என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் எழுதாமலே இருந்துவிட்டான்.

அதன்பிறகு உயாவில் ஒன்றுமே கெடவில்லை. மழையிலும் வந்தது, காற்றிலும் வந்தது. ஒவ்வொரு காலையும் ஆபீஸில் தன் திரையில் அந்த இணைப்பைப் பார்ப்பான். பச்சைக் கோடு, ஏற்ற இறக்கமில்லாமல், சாயங்காலத்து ஏரி மாதிரி கிடக்கும். அவன் போட்ட இணைப்புகளிலேயே அதுதான் மிகச் சிறந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட ஒன்றும் இல்லை.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அமுக்கினால் உயா அடங்கிப்போகும். கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடிக்கும். அக்டோபரில் ஒருநாள் மவுஸ் அம்பை அதன்மேல் கொண்டுபோய் வைத்தான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எர்மெக்கின் முதுகு ஞாபகம் வந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

முதல் பனி விழுந்த அன்று மதியம் அவன் உயாவுக்குப் போனான். ஏணி கொண்டுபோகவில்லை. கருவிப் பையும் இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெரிசாத் நிமிர்ந்தாள். "எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

"தெரியும்."

"அப்புறம்?"

"சும்மா வந்தேன்."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேகமாக அடுத்த கேள்விக்குப் போகிறவள் அன்றைக்குப் போகவில்லை. மாடியில் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றதை அவன் உணர்ந்தான்.

"மேஜை ஒண்ணும் காலி இல்ல," என்றாள் கடைசியில். "ஜன்னல் பக்கம் ஸ்டூல் கிடக்கு. உக்காருங்க, டீ எடுத்துட்டு வரேன்."

அவன் உட்கார்ந்தான். பனி விழுவதைப் பார்த்தான். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. மறுநாள் மதியமும் வந்தான். அதற்கடுத்த நாளும். சில நாள் ரொட்டி வாங்கி வருவான். சில நாள் சந்தையிலிருந்து பிளாஸ்டிக் பையில் ஆஷ்லான்ஃபூ என்ற புளிப்பு நூடுல்ஸ். ரோஸா எஜெ தன் ஃபோனிலிருந்த படங்களையெல்லாம் ஒருநாள் சத்தமில்லாமல் அழித்தாள்.

டிசம்பரில் ஒரு மதியம் பெரிசாத் அவன் ஸ்டூலுக்கு எதிரே இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் ஏற்கனவே ஒரு வீட்டுல வாழ்ந்து பார்த்துட்டு வந்தவ. அது தெரியும்தானே?"

"தெரியும்."

"ஊர்ல பேசுவாங்க. உங்க வீட்டுலயும் பேசுவாங்க."

"எங்க அப்பா என்னைப் பத்தியே பேசித் தீரல. உங்களைப் பத்திப் பேசறதுக்கு நாளாகும்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏணிமேல நிக்கும்போது என்னத்தைத்தான் அப்படிப் பார்ப்பீங்க?"

குபாத் யோசித்தான். "அது எனக்கே சொல்லத் தெரியல," என்றான். "ஆனா பார்த்துட்டே இருக்கலாம்."

கல்யாண விஷயம் கேட்டதும் முகாஷ் எழுந்தார். கொல்லைக்குப் போய்ப் பனி மூடிய அடிக்கட்டைகளுக்கு நடுவில் நின்றார். "மரத்தை வித்ததுக்கு அப்புறமா வர்றா! நாலு மாசம் முன்னாடி வாயைத் திறந்திருந்தா என்னடா?" என்று ஒரு கத்துக் கத்தினார். பெண் ஏற்கனவே கல்யாணமானவள் என்று அக்கம்பக்கத்தில் யாரோ இழுத்தபோது, "என் புள்ளை உக்காந்த இடத்துல உக்காந்து அவளோட பேசறான். அதைவிட என்ன வேணும்?" என்று அவர்களை அனுப்பிவிட்டார். வசந்தத்தில் மதிலை ஒட்டி வீடு கட்ட ஆரம்பித்தபோது உத்தரத்துக்கு மரம் தேடி அலைந்தார். கொரியா போய் அங்கேயே தங்கிவிட்ட ஒருவனுடைய தெரெக் மரங்களை அவன் அப்பாவிடமிருந்து வாங்கினார். அடிமாட்டு விலைக்கு விற்று, ஆனை விலைக்கு வாங்கினேன் என்று அதைச் சொல்லிச் சொல்லியே கல்யாண விருந்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகும் குபாத் மாறவில்லை. கடைக்குப் போனால் பாதிச் சாமானோடு வருவான். பெரிசாத்தும் மாறவில்லை, மீதிச் சாமானுக்கு அவளே போவாள். எர்மெக்குக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. உயாவில் அதே மேஜையில் உட்கார்ந்துதான் அதையும் செய்கிறான்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் மதியம், எல்லாரும் வேலையில் மூழ்கியிருந்தபோது, தெரு முழுக்கக் கரண்ட் போனது. கூரையிலிருந்த பெட்டிகளின் பச்சைப் புள்ளிகள் அணைந்தன. திரைகளிலிருந்து முகங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஜன்னல் வழியாக வந்த பனி வெளிச்சத்தில் எல்லாரும் கொஞ்சம் அந்நியர்களைப் போலவும், கொஞ்சம் சொந்தக்காரர்களைப் போலவும் தெரிந்தார்கள்.

"குபாத், பாரு!" என்றாள் ரோஸா எஜெ பழக்க தோஷத்தில்.

"இது என் கணக்குல வராது எஜெ," என்றான் அவன். ஜன்னலோரம் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தான். "கரண்ட் ஆபீஸ்."

யாரும் எழுந்து போகவில்லை. பெரிசாத் விறகடுப்பில் கெண்டியை வைத்தாள். யாரோ உலர்ந்த ஏப்ரிகாட்டை மேஜைமேல் கொட்டினார்கள். எர்மெக் ஒரு தாளை எடுத்து, பென்சிலால் ரோஸா எஜெயை வரைய ஆரம்பித்தான். மூக்கைச் சின்னதாகப் போடச் சொல்லி அவள் சண்டை பிடித்தாள். பேச்சு எங்கெங்கோ போனது. கெண்டி முனக ஆரம்பித்தது. குபாத் கண்ணை மூடியிருந்தான்.

"தூங்கிட்டீங்களா?" என்றாள் பெரிசாத் கிண்ணத்தை நீட்டி.

"இல்ல, கேட்டுட்டு இருக்கேன்," என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி.